அச்சமும் கற்றலும்

மனிதனுடைய உள்ளத்தின் தொழிற்பாடுகளையும் நடத்தையையும் முறையாக ஆராயும் நூல் உளநூல் எனப்படும். தத்துவத்தின் ஒரு கூறாக நெடுங்காலம் விளங்கிய இத்துறை, 1879ஆம் ஆண்டில் வுண்ட் என்னும் அறிஞர் செருமனியின் லைப்சிக் நகரில் ஆய்வுகூடம் ஒன்றை நிறுவிய பின்னர்த் தனி அறிவியலாக வளரலாயிற்று. இதனைப் புதிதாகப் பயிலும் மாணவர் சிலர், இதன் அடிப்படைக் கருத்துக்கள் ஆய்வுகூடத்து நாய்க்கும் எலிக்கும் மட்டுமே உரியன எனக் கருதிவிடுவர். அஃது உண்மையன்று. வன்னிப் பெருநிலத்தின் வடமேற்கே அமைந்த பூநகரியில் ஒரு காவோலை விழும் ஓசையே அக்கருத்துக்களிற் பலவற்றை விளக்கப் போதுமானது.

பனைகள் செறிந்த அவ்வூரிற் காவோலை விழுதல் அன்றாட நிகழ்ச்சி. அவ்வோசை செவியை அடைந்து நரம்பின் வழியே மூளைக்குச் செல்லுதல் புலனுணர்ச்சி. 'இது காவோலை' என உள்ளம் அதற்குப் பொருள் கொள்ளுதல் புலக்காட்சி. புலனுணர்ச்சி யாவர்க்கும் ஏறக்குறைய ஒன்றே. புலக்காட்சியோ அவரவர் முன்னனுபவத்திற்கேற்ப வேறுபடும். 1993 நவம்பரிற் பூநகரிப் படைமுகாமைச் சூழ்ந்து பெருஞ்சமர் நிகழ்ந்தது. 2008 நவம்பரில் அப்பகுதி அரச படையினர் வசமாயிற்று. அவ்வாண்டிற் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்த குடும்பங்கள், 2009 மே மாதத்திற் போர் முடியும் வரை எறிகணை வீச்சினிடையே மீண்டும் மீண்டும் இடம் மாறின. அவ்வழி நடந்து ஊர் மீண்ட ஒருவர்க்குக் காவோலையின் ஓசை ஒரு கணம் எறிகணையின் ஓசையாகவே கேட்டல் கூடும். அவர் செவியிற் பழுதில்லை, அறிவிலும் பழுதில்லை. கற்றவாறே அவர் கேட்கிறார்.

இக்கற்றல் நிகழும் வகையை உருசிய நாட்டு உடலியலறிஞர் பவ்லோவ் தெளிவாக்கினார். உணவு கண்ட நாய்க்கு உமிழ்நீர் சுரத்தல் இயல்பு. உணவு தருவதற்குச் சற்று முன் தாளமானியின் ஓசையைப் பன்முறை எழுப்பியபின், அவ்வோசை ஒன்றே உமிழ்நீரைச் சுரக்கச் செய்தது. ஓசை தூண்டி, சுரத்தல் துலங்கல், இவ்விரண்டும் பிணைக்கப்படுதல் நிபந்தனைப்படுத்தல். கிபிர் விமானத்தின் இரைச்சலை அடுத்துக் குண்டு விழக் கண்டவர் உள்ளத்திலும் இத்தகைய பிணைப்பே உண்டாயிற்று. இரைச்சல் கேட்ட அளவிற் பதுங்குகுழியை நாடிய கால், அன்று உயிரைக் காத்த கால்.

1920ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களான வாட்சனும் ரேனரும் ஒரு குழந்தைக்கு வெள்ளெலியைக் காட்டும்போதெல்லாம் உருக்குச் சட்டத்தைத் தட்டிப் பேரொலி எழுப்பினர். குழந்தை எலிக்கு அஞ்சியது. பின்னர் முயலுக்கும் நாய்க்கும் உரோம ஆடைக்குங்கூட அஞ்சியது. குழந்தையை வருத்திய அச்சோதனை இன்று அறநெறிக்கு ஒவ்வாததெனக் கண்டிக்கப்படுகிறது. எனினும், அச்சம் ஒரு தூண்டியிலிருந்து அதனை ஒத்த பிறவற்றுக்குப் பரவுதலை அது காட்டிற்று. இதுவே பொதுமைப்பாடு. திருவிழா வெடி, கதவு அறையும் ஓசை, காவோலை ஆகியன எறிகணையின் இடத்தைப் பெறுதல் இதனாலாகும்.

இதற்கு மறுதலையானது வேறுபடுத்தல். போருக்குப் பின் வன்னியில் மிதிவெடி அகற்றும் பணி பல்லாண்டு நடைபெற்றது. மண்டையோடு வரைந்த செந்நிறப் பலகையைக் கண்டு அஞ்சி விலகுதல் நல்லறிவு. காவோலைக்கு அஞ்சுதல் துன்பம். எல்லா அச்சத்தையும் களைதல் உளநூலின் நோக்கமன்று. அஞ்ச வேண்டியதையும் அஞ்ச வேண்டாததையும் பிரித்தறியச் செய்தலே நோக்கம்.

வேண்டாத அச்சம் எவ்வாறு நீங்கும்? உணவு தராது ஓசையை மட்டும் திரும்பத் திரும்ப எழுப்பியபோது நாயின் துலங்கல் மெல்ல மறைந்தது. ஆயின், சிலபொழுது கழித்து ஓசையை எழுப்பியதும் அத்துலங்கல் மீண்டும் தோன்றிற்று. எனவே மறைதல் என்பது அழிதலன்று. பழைய கற்றலின்மேல் 'இப்பொழுது தீங்கில்லை' என்னும் புதிய கற்றல் படிகிறது, அவ்வளவே. ஆண்டு பல கழிந்தும், இழப்பு நிகழ்ந்த மாதம் வருகையிற் பழைய நடுக்கம் மீளுமாயின் அது மனவலிமையின் குறைவன்று. அச்சத்துக்குரியதை முற்றாகத் தவிர்ப்பதால் அச்சம் நீங்குவதுமில்லை. புதிய கற்றலுக்கு வாய்ப்பே அற்றுப்போகிறது. 1924ஆம் ஆண்டில் மேரி கவர் யோன்சு என்னும் அம்மையார், முயலுக்கு அஞ்சிய சிறுவன் ஒருவன் விருப்பமான உணவை உண்கையில் முயலைத் தொலைவில் வைத்து, நாளடைவிற் சிறிது சிறிதாக அண்மையிற் கொணர்ந்து அச்சத்தைப் போக்கினார். வற்புறுத்தலன்று, பாதுகாப்பும் படிமுறையுமே அவர் கைக்கொண்ட வழி.

2009ஆம் ஆண்டின் பின் பிறந்தோர் எறிகணையைக் கேட்டதில்லையே, அவர்க்கு இது பொருந்துமா என்னும் ஐயம் எழலாம். 1984ஆம் ஆண்டில் மினேகாவும் அவர்தம் துணைவரும் வெளியிட்ட ஆய்வில், பாம்புக்கு அஞ்சாதிருந்த இளங்குரங்குகள், மூத்த குரங்குகள் அஞ்சுதலைப் பார்த்த அளவிலேயே அஞ்சக் கற்றன. தாயின் முகம் வெளிறுதலைக் காணும் பிள்ளையும் அவ்வாறே கற்றல் கூடும். காரணம் கூறப்படாத அச்சம் பிள்ளைக்கு மேலும் பெரிதாகத் தோன்றும். நடந்ததை அமைதியாக, வயதுக்கேற்பச் சொல்லுதல் அச்சுமையைக் குறைக்கும்.

தனிமனிதனின் துலங்கலோடு இவ்வாராய்ச்சி முடிவதில்லை. யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் உளத்தாக்கம் பற்றி 1998இல் நூலும், வன்னி மக்களின் உளநிலை பற்றி 2010இல் ஆய்வுக்கட்டுரையும் வெளியிட்டார். போரினாற் குடும்பமும் ஊரும் சமூகப் பிணைப்புக்களுமே காயமுற்றன என்பதும், ஆற்றுதலும் அவற்றின் வழியே நிகழ வேண்டும் என்பதும் அவர் கருத்து. கோயில், பாடசாலை, அயல் ஆகியன மீளக் கூடுதலும் மருந்தின் ஒரு பகுதியே. துயிலும் தொழிலும் நெடுநாட் கெடுமாயின் உளமருத்துவரை நாடுதல் வேண்டும். காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுதலில் இல்லாத நாணம் இதிலும் வேண்டுவதில்லை.

வகுப்பறையில் ஓர் ஓசைக்குத் திடுக்கிடும் மாணவனைக் கோழையென நகைப்பவர், அவன் அச்சத்தோடு நாணத்தையும் பிணைத்துவிடுகின்றார். அவன் கற்றான் என்பதை அறிந்த ஆசிரியரோ, புதியதொன்றைக் கற்பிக்கத் தம்மால் இயலும் என்பதையும் அறிவார். கற்றதனால் வந்த அச்சம் கற்றலினாலேயே தணியும்.