2.4 கி.மீ... 10.30 நிமிடம்... கேடட் ஆகப்போறீங்களா? இதைப் படிச்சிட்டு ஓடுங்க!

எஸ்.எஸ்.பி இன்டர்வியூ முடிஞ்சு, மெடிக்கலும் கிளியர் ஆகி, ஜாயினிங் லெட்டர் கைக்கு வந்தாச்சு. வீட்டுல ஸ்வீட், ஸ்டேட்டஸ்ல வாழ்த்துனு ஒரு வாரம் ஓடிடும். அதுக்கு அப்புறம் ஓட வேண்டியது நீங்கதான்!

சென்னை பரங்கிமலையில் 1963-ல் தொடங்கப்பட்ட ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமியில் பயிற்சிக்காலம் 49 வாரங்கள். உடற்தகுதித் தேர்வுகளில் தேறாவிட்டால், ஜூனியர் பேட்ச்சோடு சேர்ந்து ஒரு டேர்மை மறுபடியும் முடிக்க வேண்டி வரலாம். கேடட்கள் ரொம்பவே பயப்படுற வார்த்தை, 'ரெலிகேஷன்'. அதனால தயாரிப்பு வீட்டிலேயே தொடங்கணும்.

எவ்வளவு ஃபிட்டா இருக்கணும்?

எஸ்.எஸ்.சி டெக்னிக்கல் நுழைவுக்கான அறிவிப்புகளே ஒரு அளவைச் சொல்கின்றன. ஆண்கள் 2.4 கி.மீ தூரத்தை 10 நிமிடம் 30 விநாடிகளில் ஓட வேண்டும். 40 புஷ்-அப், 6 புல்-அப், 30 சிட்-அப் எடுக்க வேண்டும். பெண்களுக்கு 13 நிமிடம், 15 புஷ்-அப், 2 புல்-அப், 25 சிட்-அப். இது உள்ளே போவதற்கான அளவு மட்டுமே. உள்ளே போனபிறகு பூட்ஸ், ரைஃபிள், முதுகில் சுமை எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

ஓட்டத்துக்குக் கணக்கு போடுங்க

2.4 கி.மீ என்பது 400 மீட்டர் டிராக்கில் சரியாக 6 சுற்று. 10.30-ல் முடிக்க, ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 45 விநாடி. 13 நிமிடம் என்றால் 2 நிமிடம் 10 விநாடி. பலரும் சறுக்குவது முதல் சுற்றில்தான். கூட்டத்தோடு சேர்ந்து பாய்ந்துவிட்டு, நான்காவது சுற்றில் மூச்சு வாங்குவார்கள். வாரம் ஒருநாள் இந்த வேகத்தில் 400 மீட்டரை ஆறு முறை, நடுவில் ஓய்வெடுத்து ஓடிப் பழகுங்கள். மற்ற நாள்களில் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம் போதும்.

புல்-அப் ஒண்ணுகூட வரலையா?

ஸ்டூல் மேல ஏறி, தாடை கம்பிக்கு மேலே இருக்கும்படி பிடிச்சுக்கோங்க. அப்படியே ஐந்து விநாடி எடுத்து மெதுவா கீழே இறங்குங்க. இறங்கும்போது கிடைக்கும் வலுதான் பிறகு உங்களை மேலே தூக்கும்.

வலியை மறைக்காதீங்க!

தசை வலி இரண்டு மூன்று நாளில் குறைந்துவிடும். ஆனால், கெண்டைக்கால் எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் சுரீர்னு வலிக்குதா? ஓட ஓட அதிகமாகுதா? எலும்பில் நுண்விரிசல் விழுந்திருக்கலாம். திடீரென ஓட்டத்தைக் கூட்டும் புதிய கேடட்களுக்கு இது சகஜமாக வரும் காயம். 'டாக்டர்கிட்ட போனா ரெலிகேஷன் ஆகிடுமோ'ங்கிற பயத்துல பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓடினால், சில வார ஓய்வில் சரியாகக்கூடியது முழு முறிவாகி, பல மாதங்களைத் தின்றுவிடும். தாமதமாகச் சொல்வதுதான் பெரிய நஷ்டம்!

தேர்வுக்கு முந்தைய நாள்

புதுசா எதையும் முயற்சி பண்ணாதீங்க. புது ஷூ, புது சப்ளிமென்ட் ரெண்டும் வேண்டாம். சென்னை வெயிலும் புழுக்கமும் காலையிலேயே வியர்வையை உறிஞ்சிவிடும். அதனால முந்தைய நாளிலிருந்தே தண்ணீர், சாதம், பருப்பு, தூக்கம்... இந்த நாலையும் சரியா கவனிங்க. மிச்சத்தை நீங்க மாசக்கணக்கா ஓடின ஓட்டம் பார்த்துக்கும்!