ஆட்குறைப்பும் நம்பிக்கை முறிவும்

நிலம், உழைப்பு, மூலதனம், அமைப்பு ஆகிய நான்கையும் உற்பத்திக் காரணிகள் என்று பொருளாதாரப் பாடத்தில் படிக்கிறோம். நான்கையும் ஒரே வரிசையில் வைப்பதில் எனக்கு எப்போதும் ஓர் ஐயம் உண்டு. நிலமும் மூலதனமும் எவரையும் நம்புவதில்லை, உழைப்பவன் நம்புகிறான். அந்த நம்பிக்கை முறிந்தால் என்ன நேரும் என்பதை, ஐ.பி.எம். என்னும் அமெரிக்க நிறுவனத்தின் வரலாற்றைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

1914-இல் தாமஸ் வாட்சன் இந்நிறுவனத்தில் சேர்ந்தார். 1924-இல் அதற்கு ஐ.பி.எம். என்ற பெயர் வந்தது. 1930-களின் பெருமந்தத்தில் பிற ஆலைகள் ஆட்களை வெளியேற்றியபோது, அவர் இயந்திரங்களைத் தொடர்ந்து செய்து இருப்பில் வைத்தார். 1935-இல் அமெரிக்க அரசு சமூகப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தபோது, கோடிக்கணக்கானோரின் கணக்கைப் பராமரிக்க அந்த இயந்திரங்கள் தேவைப்பட்டன. 1958-இல் மணிக்கூலி முறை நீங்கி, அந்நாட்டு ஊழியர் அனைவரும் நிலையான சம்பளம் பெற்றனர். ஒரு பிரிவில் வேலை தீர்ந்தால் மறுபயிற்சி அளித்து வேறு ஊருக்கு அனுப்புவார்கள், வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். ஐ.பி.எம். என்ற மூன்றெழுத்துக்கு 'நான் இடம் மாற்றப்பட்டேன்' என்று ஊழியர்களே வேடிக்கையாகப் பொருள் சொல்லிக்கொண்டார்கள்.

ஊழியர் குடும்பத்தோடு ஊர் மாறினார். நிறுவனம் அவரைக் கைவிடாதிருந்தது. இத்தகைய எழுதப்படாத உடன்பாட்டையே அறிஞர்கள் 'உளவியல் ஒப்பந்தம்' என்கின்றனர். டெனிஸ் ரூசோ 1989-இல் எழுதிய கட்டுரைக்குப் பின் இக்கருத்து பரவலாயிற்று. இவ்வொப்பந்தம் மீறப்பட்டால் வழக்குமன்றம் செல்ல இயலாது. மனம் மட்டுமே முறியும்.

1980-களில் சிறு கணிப்பொறிகள் பெருகின. பெருங்கணிப்பொறிகளின் விலை சரிந்தது. 1986-இல் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணியாற்றிய நிறுவனம், முதலில் விருப்ப ஓய்வு வழியாக ஆட்களைக் குறைத்தது. 1992-இல் ஏறத்தாழ 500 கோடி டாலரும், 1993-இல் 810 கோடி டாலரும் நட்டம். 1993-இல் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் பள்ளத்தாக்கு ஆலைகளில் நேரடி ஆட்குறைப்பு நடந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் தலைமை ஏற்ற லூயி கெர்ஸ்ட்னர், ஜூலையில் மேலும் 35,000 பேர் குறைக்கப்படுவர் என அறிவித்தார். 1994 இறுதியில் எஞ்சியோர் ஏறக்குறைய 2,20,000 பேரே.

கெர்ஸ்ட்னர் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். அவர் நிறுவனத்தைத் துண்டாடாமல் காத்தார். 1994-இல் லாபம் திரும்பியது. கப்பல் மூழ்கும்போது சுமையைக் குறைப்பதைப் பலரும் ஏற்பர்.

ஆனால் 1999-இல் கப்பல் மூழ்கவில்லை. 700 கோடி டாலருக்கு மேல் லாபம் ஈட்டிய அந்த ஆண்டில்தான் ஓய்வூதியத் திட்டம் மாற்றப்பட்டது. பழைய திட்டத்தில் பணியின் பிற்பகுதி ஆண்டுகளே ஓய்வூதியத்தைப் பெரிதும் உயர்த்தின. புதிய திட்டத்தில் ஆண்டுதோறும் ஒரு தொகை கணக்கில் சேரும். இளைஞருக்கு இதில் பாதகம் குறைவு. நடுவயதில் இருந்தவர்களோ பல்லாண்டுகள் காத்திருந்த பலனை இழக்கும் நிலைக்கு ஆளாயினர். எதிர்ப்பு வலுக்கவே, 40 வயதும் 10 ஆண்டுப் பணியும் நிறைந்தோர் பழைய திட்டத்திலேயே தொடரலாம் என்று அவ்வாண்டு செப்டம்பரில் நிறுவனம் இறங்கிவந்தது. ஆயினும் ஐயம் தங்கிவிட்டது. நட்டக் காலத்துச் சிக்கனம் துன்பம் தரும். லாபக் காலத்துச் சிக்கனமோ ஏமாற்றப்பட்ட உணர்வைத் தரும்.

வேலையில் எஞ்சியோரின் நிலை என்ன? ஜோயல் பிராக்னர் போன்றோரின் ஆய்வுகள் ஒன்றைத் தெளிவாக்குகின்றன: வெளியேற்றப்பட்டவர் நியாயமாக நடத்தப்படவில்லை என்று கருதினால், எஞ்சியவரின் ஈடுபாடும் குறைகிறது. வேறிடத்தில் எளிதில் வேலை பெறக்கூடிய திறமைசாலிகளே முதலில் கிளம்புவர். மிச்சமான சம்பளம் அந்த ஆண்டின் கணக்கேட்டில் உடனே தெரியும். போன அனுபவத்தையும் குன்றிய ஊக்கத்தையும் பதிவு செய்ய எந்தப் பேரேட்டிலும் பத்தி இல்லை.

ஆட்குறைப்பே கூடாது என்று நான் வாதிடவில்லை. காரணத்தை முன்கூட்டி உரைத்தல், சுமையை மேலிருந்து கீழ்வரை பகிர்தல், அளித்த வாக்கை இடைவழியில் மாற்றாதிருத்தல் ஆகிய மூன்றும் வேண்டும் என்கிறேன். நம்முள் பலர் நாளை பெரிய நிறுவனங்களில் பணிபுரிவோம். ஒரு சிலர், யாரை அனுப்புவது என்று பட்டியல் எழுதும் நாற்காலியிலும் அமரக்கூடும். அப்போது அப்பட்டியலில் எண்களை மட்டும் காணாதிருக்க, நாம் இன்று படிக்கும் பொருளாதாரம் துணைசெய்ய வேண்டும்.