வளையமும் மரமும்

அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலே பெத் இஸ்ரேல் டீக்கனஸ் என்னும் பெரிய மருத்துவமனை ஒன்று உண்டு. 2002ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அதன் கணினி வலையமைப்பு ஏறத்தாழ நான்கு நாட்கள் நிலைகுலைந்து கிடந்தது. திரையிலே பார்த்துவந்த ஆய்வுகூட முடிவுகளையும் மருந்துக் குறிப்புகளையும் மீண்டும் காகிதத்தில் எழுதிக் கையிற் கொண்டு ஓடவேண்டியதாயிற்று. செய்தி செல்ல வழியில்லாமையால் நேர்ந்த இடர் அன்று அது; வழி மிகுந்தமையால் நேர்ந்தது.

அஃது எங்ஙனம் என்பதை அறியச் சிறியதோர் அமைப்பை மனத்திற் கொண்டால் போதும். கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டியை ஆளி, அதாவது சுவிட்ச், என்பர். ஒரு வடம் பழுதானால் மற்றொன்று உதவட்டும் என்று இரண்டு ஆளிகளுக்கிடையே இரண்டு வடங்களை இடுவது முன்யோசனை உடையார் செயல். ஆபத்தும் அங்கேதான் பிறக்கிறது. எல்லோருக்கும் உரியது என்று முகவரியிட்ட செய்தி ஒன்று வந்தால், வந்த வாயில் நீங்கலாக ஏனைய வாயில்கள் யாவற்றாலும் ஆளி அதனைப் படியெடுத்து அனுப்பும். இரு வடங்களாலும் இரு படிகள் மறு ஆளியை அடையும். அதுவும் தன் கடமையைப் பிசகாது செய்து, முதல் வடத்தால் வந்ததை இரண்டாவதாலும் இரண்டாவதால் வந்ததை முதலாவதாலும் திருப்பிவிடும். மூன்றாவது வடமும் இருந்துவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் படிகள் பெருகும். இணையத்தின் நெடுவழிகளிற் செல்லும் பொதிகளுக்கு ஆயுட்கணக்கு ஒன்று உண்டு. ஈதர்நெற் சட்டகத்துக்கு அஃது இல்லை. எனவே சுற்றத் தொடங்கியது தானாக ஓயாது. சிறிது நேரத்திலே பயனுள்ள செய்திக்கு இடமே இராது.

இதற்கு மாற்றுக் கண்டவர் ரேடியா பேர்ள்மன் என்னும் அம்மையார். டிஜிட்டல் இக்குவிப்மென்ட் நிறுவனத்திற் பணிபுரிந்த அவர், 1985இல் தம் முறையை வெளியிட்டபோது மரத்தைப் பற்றிய சிறு கவிதை ஒன்றையும் அதனோடு சேர்த்தார். ஸ்பானிங் ட்ரீ, அதாவது எல்லாவற்றையும் அளாவி நிற்கும் மரம், என்பது அம்முறையின் பெயர். மரத்தின் கிளைகள் பிரியுமேயன்றி மீண்டும் கூடி வளையமாவதில்லை அன்றோ?

மரத்துக்கு முதலில் வேர் வேண்டும். ஒவ்வோர் ஆளிக்கும் ஓர் எண் உண்டு. தொடக்கத்திலே எல்லா ஆளிகளும் தாமே வேர் என்று அறிவிக்கும். தம்மினும் சிறிய எண்ணைக் கேட்டதும் அடங்கிவிடும். முன்னுரிமையை எவரும் மாற்றாதுவிட்டால் எங்கும் 32768 என்றே இருக்கும்; அப்போது வன்பொருள் முகவரி சிறியதாயுள்ள ஆளி வெல்லும். அது பெரும்பாலும் மூலையிற் கிடக்கும் பழம்பெட்டியாக அமைவதுண்டு! வேர் தெரிந்தபின் ஒவ்வோர் ஆளியும் அதனை அடையும் செலவு குறைந்த வழியைத் தெரிந்துகொண்டு, வளையத்தை உண்டாக்கும் மிகை வாயில்களை அடைத்துவிடும். வடம் அகற்றப்படுவதில்லை, சும்மா காத்திருக்கும்.

அடைத்த வாயிலுக்கும் செவி உண்டு. 2 நொடிக்கு ஒருமுறை வேரிலிருந்து அறிவிப்பு வரும். 20 நொடிகள் ஒன்றும் கேளாவிடின் பழைய வழி அற்றது என்று கொண்டு, பதினைந்து பதினைந்து நொடிகளாக இருமுறை பொறுத்தபின் வாயில் திறக்கும். ஆக 50 நொடிகள் வரை செல்லலாம். இத்தாமதத்தைப் பலர் குறை கூறினர்; 2001இல் வந்த விரைவு முறை அதனைப் பெரிதும் குறைத்தது. ஆயினும் முதல் முறையின் பொறுமை வீணன்று. சிறிது நேரம் வழியின்றி இருப்பதிலும் அவசரப்பட்டு வளையத்தைத் திறப்பது கொடிது.

பொஸ்டனில் இம்முறை இருந்தும் பிழைத்தது ஏன்? அங்கே வலையமைப்பு ஆண்டுக்கணக்காக ஒட்டுப்போட்டு வளர்ந்து, அடுத்தடுத்து 7 ஆளிகளுக்கு மேற்படலாகாது என்னும் வரம்பைத் தாண்டியிருந்தது. அந்நிலையில் ஆய்வாளர் ஒருவரின் பெருந்தரவு வழிகளை நிறைத்தது. வேரின் அறிவிப்புகள் அந்நெரிசலில் அமுங்கின. வழி உயிரோடிருக்கவே, அது மடிந்தது என்று எண்ணிய ஆளிகள் அடைத்திருந்த வாயில்களைத் திறந்தன, வளையம் பிறந்தது. பின்னர் நடுப்பகுதியில் வழிச்செலுத்திகளை அமைத்து, ஒரே பெருமரமாக நின்றதைச் சிறு மரங்களாகப் பிரித்தனர்.