நீலப் புகைக்குப் பின்னால் ஒரு சிறு குழாய்

ஜார்ஜ்டவுன் சந்துகளில் பழைய ‘கப்சாய்’ மோட்டார் சைக்கிள்கள் இன்றும் ஓடுகின்றன. அந்த வண்டிக்கும் பினாங்குக்கும் நெருங்கிய உறவு உண்டு. ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் வண்டியை ஜப்பானில் வெளியிட்டது 1958இல். அதே ஆண்டில்தான் ஹோண்டா மோட்டார் சைக்கிள்களை மலாயாவுக்குக் கொண்டு வந்தார் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ. இளம் வயதில் பேருந்து கழுவி, மெக்கானிக் வேலை பழகி முன்னேறியவர் அவர். 2017க்குள் உலகெங்கும் 10 கோடி சூப்பர் கப் வண்டிகள் தயாராகிவிட்டன.

அப்படிப்பட்ட பழைய வண்டி ஒன்று சிக்னலில் நிற்கிறது. பச்சை விளக்கு விழுந்து முறுக்கியதும் பின்னால் நீலப் புகை. “இன்ஜின் போய்விட்டது, தூக்கிப் போடு” என்பார்கள். பல சமயங்களில் தேய்ந்து போனது இன்ஜின் அல்ல. விரல் நீளம்கூட இல்லாத ஒரு குழாய்தான். அதன் பெயர் வால்வு கைடு.

கைடு செய்யும் வேலை

இன்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் நுழைய ஒரு வால்வு, எரிந்த புகை வெளியேற இன்னொரு வால்வு. ஒவ்வொரு வால்வின் தண்டும் சிலிண்டர் தலையில் பொருத்தப்பட்ட கைடுக்குள் ஏறி இறங்குகிறது. இன்ஜின் நிமிடத்திற்கு 6,000 சுற்று சுற்றினால், வால்வு 3,000 முறை திறந்து மூடும். அதாவது விநாடிக்கு 50 முறை!

ஆண்டுகள் போகப் போக கைடு உள்ளே தேய்கிறது. வால்வு ஆடத் தொடங்குகிறது. முறுக்கியை விட்டதும் இன்ஜினுக்குள் காற்றழுத்தம் குறைவதால், மேலிருக்கும் எண்ணெய் அந்த இடைவெளி வழியாக உறிஞ்சப்பட்டு எரிகிறது. ஆகவே, முறுக்கியை விட்டு மீண்டும் முறுக்கும்போது மட்டும் புகை வந்தால் முதலில் கைடைச் சந்தேகிக்க வேண்டும். பளு ஏற்றிச் செல்லும்போது இடைவிடாமல் புகைந்தால் பிஸ்டன் ரிங்கைப் பார்க்க வேண்டும்.

சுத்தியல் அல்ல, இயற்பியல்

சென்னை திருவொற்றியூரில் தயாரான பழைய என்ஃபீல்டு புல்லட்டை எடுத்துக்கொள்வோம். அதன் சிலிண்டர் தலை அலுமினியம், கைடு வார்ப்பிரும்பு. கைடு இருக்கும் துளையைவிட அது ஏறத்தாழ 0.04 மில்லிமீட்டர் பருமனாக இருக்கும். அந்த இறுக்கம்தான் அதைப் பிடித்து வைக்கிறது. அப்படியே சுத்தியலால் அடித்தால் மென்மையான அலுமினியம் கீறிவிடும், துளை கெட்டுவிடும். பழைய வண்டிக்கு வேறு சிலிண்டர் தலை எளிதில் கிடைக்காது.

இங்கே வெப்பவிரிவுப் பாடம் கைகொடுக்கிறது. 1 மீட்டர் அலுமினியம் 1 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 0.023 மில்லிமீட்டர் விரியும், வார்ப்பிரும்பு 0.011 மட்டுமே. துளையின் விட்டம் 12 மில்லிமீட்டர் என்றும், வெப்பநிலை 150 டிகிரி உயர்கிறது என்றும் வையுங்கள். துளை 0.04 மில்லிமீட்டர் விரியும், கைடு 0.02 மட்டும் விரியும். இறுக்கம் பாதியாகக் குறைகிறது. அளவாகச் செய்த தட்டுகோலால் தட்டினால் கைடு வந்துவிடும். புதிய கைடைக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்து, சூடான துளையில் போட்டால் எளிதாக இறங்கும்.

சூடு சீராகப் பரவ வேண்டும். அதனால்தான் கேஸ் சுடரை ஒரே இடத்தில் காட்டாமல் அடுப்புப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். கைடின் நுனியில் படிந்த கரியை முதலில் சுரண்டிவிட வேண்டும். இல்லையேல் வெளியே வரும்போது அது துளையைக் கீறும். தலையும் கைடும் இரண்டுமே வார்ப்பிரும்பு என்றால் சூடு அவ்வளவாக உதவாது.

மாற்றினால் மட்டும் போதுமா?

பலரும் தவறுவது இங்கேதான். கைடு மாறினால் வால்வின் மையமும் இம்மியளவு மாறும். அப்போது வால்வு தன் இருக்கையில் சரியாக உட்காராது. புகை நின்றாலும் இன்ஜினின் வலு குறையும். எனவே புதிய கைடை உள்ளே ரீமரால் அளவாக்கி, அதையே அச்சாகக் கொண்டு இருக்கையை மீண்டும் வெட்ட வேண்டும். பிறகு பசை தடவித் தேய்த்து, பெட்ரோல் ஊற்றிக் கசிகிறதா என்று சோதிக்க வேண்டும்.

இன்னொரு வழி, பழைய கைடைக் கழற்றாமலே அதன் உட்புறத்தைக் கடைந்து, மெல்லிய வெண்கலக் குழாயைச் செருகுவது. சிலிண்டர் தலைக்குச் சேதம் இல்லை. மையமும் பெரிதாக விலகாது. உதிரிப்பாகம் கிடைக்காத வண்டிக்கு இது வரப்பிரசாதம். ஆனால் பழைய கைடு துளையில் இறுக்கமாக இருந்தால்தான் இது பயன்படும்.

கைத்தொழிலும் கல்விதான்

ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைந்த அளவுதான் இந்த வேலையின் வெற்றியையும் தோல்வியையும் முடிவு செய்கிறது. இதைச் செய்பவருக்குக் கணக்கு, இயற்பியல், உலோகவியல், பொறுமை நான்கும் வேண்டும். இயந்திரப் பட்டறைகளில் இந்த நுணுக்கம் தெரிந்த மூத்தவர்கள் ஓய்வு பெறும்போது, கற்றுக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் அந்த அறிவும் அவர்களோடு போய்விடும்.

எஸ்.பி.எம். முடித்த மாணவர்களுக்குத் தொழில்திறன் கல்வியில் வழி திறந்தே இருக்கிறது. மலேசியத் திறன் சான்றிதழில் முதல் மூன்று நிலைகள்; நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபாலில் உள்ள தொழிற்பயிற்சிக் கழகம், கொடைவள்ளல் என்.டி.எஸ். ஆறுமுகம் பிள்ளையின் பெயரையே தாங்கி நிற்கிறது.

அடுத்த முறை ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நீலமாகப் புகைந்து செல்வதைக் கண்டால் முகம் சுளிக்காதீர்கள், மாணவர்களே. எப்போது புகைகிறது என்று கவனியுங்கள். கோளாறைக் கண்டுபிடிக்கும் வேலை அங்கேதான் தொடங்குகிறது.