பக்கத்து கேட் திறந்ததும் மூடிய பெண்கள் கல்லூரி: சிகாகோவில் நடந்தது என்ன?

ஏர்வாடியில் பிளஸ் டூ முடிக்கும் பெண் 'என்ன படிக்கலாம்' என்று யோசிப்பாள். வீட்டிலோ 'எங்க அனுப்புறது' என்று யோசிப்பார்கள். பல வீடுகளில் அதற்குக் கிடைக்கும் பதில், பக்கத்து ஊரான கீழக்கரையில் 1988இல் தொடங்கிய தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி.

சுமார் 100 வருஷத்துக்கு முன்னால், சிகாகோவின் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும் ஏறக்குறைய இதே கேள்விதான். அங்கே பெரிய கத்தோலிக்கக் கல்லூரிகளில் பல ஆண்களுக்கானவை. அதனால் பி.வி.எம். சபைக் கன்னியாஸ்திரிகள் பெண்களுக்கென்றே மண்டலைன் கல்லூரியைக் கட்டினார்கள். திறந்த ஆண்டு 1930. அமெரிக்கப் பங்குச்சந்தை விழுந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை! மிச்சிகன் ஏரிக்கரையில் 15 மாடிக் கட்டடம், வாசலில் இரண்டு பிரம்மாண்ட தேவதூதர் சிலைகள்.

அப்புறம் ஏன் மூடினார்கள்?

முதல் காரணம், மற்ற கதவுகள் திறந்தன. யேல், பிரின்ஸ்டன் 1969இலும், நோட்டர் டேம் 1972இலும் இளங்கலையில் பெண்களைச் சேர்த்தன. மண்டலைனுக்குப் பக்கத்துக் காம்பவுண்டிலேயே லயோலா பல்கலைக்கழகம் இருந்தது. அதுவும் பெண்களுக்குத் திறந்துவிட்டது.

இரண்டாவது காரணம்தான் பலருக்குத் தெரியாதது: சம்பளம். கன்னியாஸ்திரிகள் கிட்டத்தட்ட சம்பளமே இல்லாமல் பாடம் நடத்தியதால்தான் இந்தக் கல்லூரிகளின் கணக்கு உதைக்காமல் இருந்தது. 1965இல் அமெரிக்காவில் சுமார் 1,80,000 கன்னியாஸ்திரிகள்; இப்போது 40,000க்கும் கீழே. அவர்கள் இடத்தில் சம்பளத்துக்கு ஆள் போட்டால் கட்டணம் எகிறும்.

மண்டலைன் சும்மா இருக்கவில்லை. வேலைக்குப் போகும் பெண்களுக்காக 1974இல் வார இறுதிக் கல்லூரி ஆரம்பித்தது. ஆன்லைன் வகுப்பெல்லாம் இல்லாத காலம் அது. ஆனாலும் தாக்குப்பிடிக்க முடியாமல், 1991இல் லயோலாவோடு இணைந்தது. கட்டடம் இன்றும் லயோலாவின் கலைத்துறைகளுக்குப் பயன்படுகிறது.

இது தோல்வியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெண்களுக்கு வேறு வழி கிடைத்த பிறகு மூடியது. ஆனால் தலைமைப் பொறுப்பில் பெண்களே இருந்த ஒரு கல்லூரி போனது நஷ்டம்தான்.

நம்ம ஊரில் கதை வேறு. 1923இல் தொடங்கிய திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரி 100 ஆண்டைத் தாண்டியும் பெண்கள் கல்லூரியாகவே இருக்கிறது. இருபாலர் கல்லூரிகள் இங்கேயும் எப்போதோ வந்துவிட்டன. ஆனால் ஏர்வாடி மாதிரி ஊர்களில், கேட் திறந்திருப்பது மட்டும் போதாது. வீட்டிலும் சரி என்று சொல்ல வேண்டும். கீழக்கரைக் கல்லூரி நாளைக்கே இருபாலர் ஆனால், சில வீடுகளில் அந்தப் பெண்ணின் படிப்பு பிளஸ் டூவோடு நின்றுவிடும்.