ஏற்றம் தணிந்த மலைச் சாலைகள்

இயன்முறை சிகிச்சைக் கூடத்தில் நிற்கும் நகராத மிதிவண்டியை நம்மில் பலர் அறிவோம். இதய அறுவைக்குப் பின்னரும், மூட்டு மாற்று அறுவைக்குப் பின்னரும், பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் எனக் கணக்கிட்டு அதில் மிதிக்கச் சொல்கிறார்கள். மிதிக்கிறோம்; எதிரில் சுவர் அப்படியே நிற்கிறது. இனி வெளியே சென்று மிதிவண்டி ஓட்ட இயலுமா, மேடு வந்தால் என்ன செய்வது, பின்னால் லாரி வந்தால் என்ன ஆகும் என்ற ஐயம் நோயாளருக்கு எழுகிறது. அதைவிடப் பெரிய அச்சம் வீட்டாருக்கு எழுகிறது. மேடு, வாகனம் என்னும் இவ்விரண்டு அச்சங்களுக்கும் நூறாண்டுகளுக்கு முன்பே விடை கண்ட ஓரிடத்தைப் பற்றி இவ்விதழில் எழுதுகிறோம்.

மலையும் கடலும் சேரும் தீவு

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மெய்ன் மாநிலத்தில், அட்லாண்டிக் கடலோரமாக மவுண்ட் டெசர்ட் என்னும் தீவு இருக்கிறது. அத்தீவின் ஏறக்குறைய பாதி அகேடியா தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகிறது. 1916-இல் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்ட இந்நிலம், 1919-இல் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. 1929-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. இங்குள்ள காடிலாக் மலையின் உயரம் 466 மீட்டர். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரத்தில் இதைவிட உயர்ந்த மலை இல்லை. ஊசியிலைக் காடுகள், பனியாறுகள் குடைந்து விட்ட ஏரிகள், இளஞ்சிவப்புக் கிரானைட் பாறைகள் ஆகியவற்றுக்கு இடையே மோட்டார் வண்டிகள் நுழையாத சாலைகள் வளைந்து செல்கின்றன. பூங்காவுக்குள் மட்டும் இவற்றின் நீளம் 45 மைல், அதாவது சுமார் 72 கிலோமீட்டர்.

இச்சாலைகளை அமைத்தவர் எண்ணெய்த் தொழில் செல்வந்தரின் மகனான ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர். குதிரை வண்டி ஓட்டுவதில் தேர்ந்தவர் அவர். மோட்டார் வண்டிகள் தீவுக்குள் நுழையத் தொடங்கிய காலத்தில், குதிரை வண்டிகள் அமைதியாகச் செல்வதற்கென்றே தனிச் சாலைகள் அமைக்க விரும்பினார். 1913 முதல் 1940 வரை அப்பணி நடைபெற்றது. இன்று அச்சாலைகளில் குதிரை வண்டிகளைவிட மிதிவண்டிகளே மிகுதி.

குதிரைக்காக வகுத்த சரிவு

சுமை இழுக்கும் குதிரையால் செங்குத்தான மேட்டில் ஏற இயலாது. கூர்மையான வளைவில் வண்டியைத் திருப்பவும் இயலாது. ஆகவே ராக்ஃபெல்லரின் பொறியாளர்கள் மலையை நேராக வெட்டி ஏறவில்லை. மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி, அதன் வடிவத்தைத் தொடர்ந்தே சாலையை உயர்த்திச் சென்றார்கள். தொலைவு கூடிற்று, ஏற்றம் தணிந்தது. குதிரையின் வலிமைக்கு இசைய வகுத்த அச்சரிவு, இன்று இளைப்பு வாங்கும் மனிதருக்கும் இசைகிறது. இச்சாலைகளில் ஏற்றமே இல்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நீண்ட ஏற்றங்கள் உண்டு. ஆயினும் மூச்சை ஒரேயடியாகப் பறிக்கும் ஏற்றங்கள் குறைவு.

சாலையின் அகலம் சுமார் 16 அடி. உடைத்த கற்களை மூன்று அடுக்குகளாகப் பரப்பி, நடுப்பகுதியைச் சற்றே மேடாக்கி, இருபுறமும் வடிகால்களையும் கல் மதகுகளையும் அமைத்தார்கள். மழைநீர் தேங்காமல் வழிந்தோடுவதற்கான ஏற்பாடு அது. பள்ளமான ஓரங்களில் பெரிய கிரானைட் கற்களை வரிசையாக நட்டுத் தடுப்பு அமைத்தார்கள். அவற்றை மக்கள் வேடிக்கையாக 'ராக்ஃபெல்லரின் பற்கள்' என்று அழைக்கிறார்கள். ஓடைகளையும் சாலைகளையும் கடக்க 17 பாலங்கள் உள்ளன. உள்ளூர்க் கற்களால் முகப்பு அமைந்த அவற்றுள் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. சாலையோரங்களில் அம்மண்ணுக்கே உரிய செடிகளை நட, நிலத்தோற்றக் கலைஞர் பியாட்ரிக்ஸ் ஃபாரண்ட் அறிவுரை வழங்கினார்.

எரிந்து மீண்ட காடு

1947 அக்டோபரில் இத்தீவில் பெருந்தீ பரவிப் பூங்காவுக்குள் மட்டும் 10,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை எரித்தது. எரிந்த ஊசியிலை மரங்கள் இருந்த இடத்தில் பூர்ச்ச மரம் முதலிய இலையுதிர் மரங்கள் முளைத்தன. இலையுதிர் காலத்தில் இன்று மக்கள் வியந்து காணும் மஞ்சளும் செம்மஞ்சளும் பெரும்பாலும் அத்தீக்குப் பின் வந்தவையே. காடு மீண்டது, பழைய காடாக மீளவில்லை. நோய்க்குப் பின் மீளும் உடலைப் பற்றி எண்ணுவோர்க்கு இது புதிய செய்தி அன்று.

சாலைகளும் ஒருகாலத்தில் தளர்ந்தன. வடிகால்கள் தூர்ந்து, மேற்பரப்பு அரிக்கப்பட்டு, ஓரங்களில் செடிகொடிகள் மண்டின. 1990-களின் முற்பகுதியில் அவை விரிவாகச் சீரமைக்கப்பட்டன. 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் அகேடியா' என்னும் தொண்டு அமைப்பு பராமரிப்புக்கென நிலைநிதி ஒன்றை ஏற்படுத்தியது. தன்னார்வலர்கள் இன்றும் வடிகால்களில் சேரும் இலைகளை வாரி அகற்றுகிறார்கள்.

செல்வோர் அறிய வேண்டியவை

பிள்ளைகளைக் காண அமெரிக்கா செல்லும் பெற்றோர் நம் வாசகரிடையே உண்டு. அவர்கள் பொருட்டுச் சில குறிப்புகள் தருகிறோம்.

ஈகிள் ஏரியைச் சுற்றி வரும் பாதை ஏறக்குறைய 6 மைல் நீளமுடையது. பல மலைகளைச் சுற்றிவரும் நீண்ட பாதை சுமார் 11 மைல். அது பழகியவர்களுக்கே உரியது. டே மலையின் உச்சிவரை வண்டிச் சாலை செல்கிறது. அம்மலை 600 அடிக்கும் சற்றுக் குறைவான உயரமே உடையது. சந்திப்புகள் தோறும் எண்ணிட்ட கம்பங்கள் நிற்கின்றன. வரைபடத்திலும் அவ்வெண்கள் உள்ளன. கைப்பேசி அலைவரிசை எல்லா இடத்திலும் கிடைக்காது. ஆகவே கடைசியாகக் கடந்த கம்பத்தின் எண்ணை நினைவில் வைத்திருந்தால், உதவி கோரும்போது இருப்பிடத்தைத் தெளிவாகச் சொல்லலாம்.

மிதிவண்டியில் செல்வோர், நடப்போருக்கும் குதிரைகளுக்கும் வழிவிட வேண்டும். முந்துமுன் குரல் கொடுக்க வேண்டும், குதிரைகள் மிரளக்கூடும். வேகம் மணிக்கு 20 மைலைத் தாண்டலாகாது. மிதித்தால் மட்டுமே துணைபுரியும் முதல் வகை மின்மிதிவண்டிகளுக்கு அனுமதி உண்டு. முழங்கால் வலியுள்ளோர்க்கு இது பெரிய உதவி. வேனிற்காலத்துக்கு முன், பனி உருகி மண் நெகிழும் நாட்களில் சாலைகளை மூடிவிடுவார்கள். சில சாலைகள் தனியார் நிலத்தில் உள்ளன; அங்கு மிதிவண்டிகளுக்கு இடமில்லை.

மிதிக்க இயலாதவரை விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. வைல்ட்வுட் குதிரை லாயத்திலிருந்து புறப்படும் குதிரை வண்டிகளுள், சக்கர நாற்காலியில் இருப்போர் ஏறுவதற்கு ஏற்றவையும் உண்டு. ஒருவர் மிதிவண்டியிலும், ஒருவர் நடந்தும், ஒருவர் வண்டியிலும் ஒரே சாலையில் செல்லலாம். ஜோர்டான் குளத்தருகே உள்ள உணவகத்தில் சூடான ரொட்டியும் தேநீரும் அருந்துவது நெடுநாள் வழக்கம். குடும்பத்தார் அங்கே கூடி அமரலாம்.

எங்கு ஓட்டினாலும் பொருந்துவன

அகேடியா செல்ல வாய்ப்பில்லாதவர்க்கும் அச்சாலைகள் ஒன்று கற்பிக்கின்றன: பாதையை உடலுக்கு இசைய வகுத்துக்கொள்ளலாம். பூங்காவிலோ, வாகனமற்ற அதிகாலைத் தெருவிலோ ஓட்டத் தொடங்குவோர் கீழ்க்காண்பவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, மருத்துவரின் அனுமதி. மார்பைத் திறந்து செய்யும் அறுவைக்குப் பின் நெஞ்செலும்பு கூடி உறுதிப்படப் பல வாரங்கள் ஆகும். அதுவரை கைப்பிடியில் உடற்பாரத்தைச் சாய்ப்பதும் கீழே விழுவதும் தீங்கு. நகராத மிதிவண்டியில் பழகிய பின்னரே சாலைக்கு வர வேண்டும்.

இரண்டாவது, உழைப்பின் அளவு. மிதிக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியாதிருந்தால் அது நடுத்தர உழைப்பு. சொல் சொல்லாகத் திணறிப் பேச நேர்ந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். பீட்டா பிளாக்கர் மாத்திரை உட்கொள்வோர்க்கு நாடித்துடிப்பு வழக்கம்போல் உயராது. ஆகவே அவர்கள் துடிப்பை மட்டும் எண்ணி உழைப்பை அளக்கலாகாது.

மூன்றாவது, கைவசம் இருக்க வேண்டியவை. இன்சுலின் செலுத்திக்கொள்வோர் சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்திருக்க வேண்டும். மிதிக்கும்போது மட்டுமன்றிச் சில மணி நேரம் கழித்தும் இரத்தச் சர்க்கரை தாழக்கூடும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர், விழுந்து தலையில் அடிபட்டால், நலமாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். தலைக்கவசம் அனைவர்க்கும் கட்டாயம்.

நான்காவது, நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே நிறுத்தி உதவிக்கு அழைக்க வேண்டும். வீடு அருகில்தானே என்று மிதித்து வந்து சேர முயலலாகாது.

ஐந்தாவது, பாதையின் தேர்வு. வட்டப் பாதையில் பாதி சென்றபின் களைத்தால் இரு பக்கமும் ஒரே தொலைவு. ஆகவே தொடக்க நாட்களில் போன வழியே திரும்பும் பாதையைத் தேர்ந்தெடுங்கள். முதலில் ஏற்றமும் திரும்புகையில் இறக்கமும் அமைவது நன்று.

உடனிருப்போர்க்கும் ஒரு சொல். உடன் செல்லுங்கள், ஆனால் முன்னால் செல்ல வேண்டாம். முன்னால் செல்பவரின் வேகத்தை எட்டப் பின்வருபவர் தம்மை அறியாமல் முயல்வார். களைத்தவர் பின்தங்கிய பின்னரே அது தெரியவரும். நோயாளரை முன்னே விட்டு, அவருடைய வேகமே இருவரின் வேகமாக இருக்கட்டும். அவர் திரும்பலாம் என்று சொல்லும் இடம் எதுவானாலும் அன்றைய பயணத்தின் எல்லை அதுவே. மறுநாள் அவ்வெல்லை சற்றுத் தள்ளிப்போகலாம், போகாமலும் இருக்கலாம். இரண்டையும் குறித்து வைத்து, அடுத்த வருகையின்போது மருத்துவரிடம் காட்டுங்கள்.