கார் கண்ணாடியில் வளரும் கல்

நெல்லையில் பல வீடுகளில் இரண்டு குழாய் உண்டு. ஒன்றில் ஆத்துத் தண்ணி, மற்றதில் போர் தண்ணி. சமையலுக்கு முதலாவது, கார் கழுவ இரண்டாவது. குடிக்கிற தண்ணியைக் காருக்கு ஊற்றலாமா என்று கேட்பது நியாயம்தான். ஆனால் சில மாதங்களில் முன்கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளிகள் பூத்துவிடுகின்றன. ராத்திரி நாற்கரச் சாலையில் எதிரே லாரி வந்தால் ஒவ்வொரு புள்ளியும் ஒளியைச் சிதறடிக்கும். குறுக்கே வருகிறவர் கண்ணில் படமாட்டார்.

இந்தப் புள்ளிகள் அழுக்கு அல்ல, கல். பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி, எளிதில் கரையாத கடும்பாறைகள் மேல் இறங்கி வருவதால் அதன் நீர் மென்மையாக இருக்கிறது. சமவெளியின் நிலத்தடியில் நிலைமை வேறு. தாழையூத்தில் 1949-இல் சிமென்ட் ஆலை இயங்கத் தொடங்கியதே அங்கே சுண்ணாம்புக்கல் இருந்ததால்தான். மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் அங்குள்ள கரியமில வாயுவை வாங்கி மெல்லிய அமிலமாகிறது. வழியிலிருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக்கொள்கிறது. போர் தண்ணி தெளிவாகத்தான் தெரியும், ஆனால் உள்ளே கல் இருக்கும்.

வெயிலில் நின்ற காரில் ஒரு துளி விழுவதைக் கவனியுங்கள். நீர் ஆவியாகிறது, வாயு பறக்கிறது, சுண்ணாம்பு மறுபடி கல்லாகிப் படிகிறது. அதுவும் விளிம்பில்தான் அதிகம். துளியின் ஓரம் வேகமாக உலர்வதால் நடுவிலுள்ள நீர் அங்கே ஓடிக்கொண்டே இருக்கிறது. காபிக் கறை வளையமாகக் காய்வதும் இப்படித்தான் என்று 1997-இல் சிகாகோ இயற்பியலாளர்கள் விளக்கினார்கள்.

கல்லைத் தேய்த்து எடுக்கப் போனால் கண்ணாடிதான் கீறும். கரைத்துத்தான் எடுக்க வேண்டும். வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து, நிழலில் பத்து நிமிடம் கறைமேல் ஒட்டி வையுங்கள். சிறு குமிழிகள் கிளம்பலாம். சுண்ணாம்புக்குள் அடைபட்டிருந்த கரியமில வாயு வெளியேறுவதன் அடையாளம் அது. பிறகு நன்றாகக் கழுவிவிடுங்கள். கழிவறை கழுவும் ஆசிட் மட்டும் வேண்டவே வேண்டாம். குரோமியப் பூச்சையும் பெயின்ட்டையும் அது அரித்துவிடும்.

வினிகருக்கும் மசியாத கறை சிலிக்காவாக இருக்கலாம். அதற்குச் சீரியம் ஆக்சைடு பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பாலிஷ் போடுவார்கள். நம் பக்கத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கும் மோனசைட்டில் இந்தச் சீரியம் நிறைய உண்டு என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். ஆடிக் காற்றில் வந்து படியும் தேரி மணலையும் மறக்கக் கூடாது. குவார்ட்ஸ் துகள் கண்ணாடியைவிடக் கடினமானது. தண்ணீர் அடிக்காமல் வைப்பரைப் போட்டால் அது வில்வில்லாகக் கீறிவிடும்.

ஹெட்லைட் மங்குவது வேறு நோய். அது கண்ணாடியே அல்ல, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன்மேல் பூசிய காப்புப் படலத்தை வெயிலின் புற ஊதாக் கதிர் ஆண்டுக்கணக்கில் தின்கிறது. படலம் போனதும் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகளே உடைந்து மஞ்சளிக்கின்றன. பற்பசை போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும் என்பது உண்மை. ஆனால் காப்பு இல்லாத பரப்பு சீக்கிரமே மறுபடி மங்கும். வாட்டர் பேப்பரை நனைத்து, முதலில் 1000, பிறகு 2000 எண்ணில் தேய்த்து, பாலிஷ் போட்டு, புற ஊதாக் காப்புப் பூச்சும் அடித்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. அந்தக் கடைசிப் பூச்சை விட்டுவிடும் இடத்தில் காசு கொடுக்காதீர்கள்.

மென்மையான தண்ணி ஆற்றில் ஓடுகிறதே என்று படித்துறையில் காரை இறக்க வேண்டாம். நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கிற தண்ணி அது. போர் தண்ணியிலேயே கழுவுங்கள். காலை வெயில் ஏறுவதற்கு முன், நிழலில். துளி காய்வதற்குள் துடைத்துவிடுங்கள்.